ஜெசியை எடுக்காத வருஷம்

பெப்ரவரி 7, சனி

வெயில். காற்று இல்லை. மைதானத்துப் புல் காய்ந்து மஞ்சள்.

இன்று பள்ளிக் கால்பந்து அணித் தேர்வு. நின்றவர்கள்: கோச் மிஸ் அரோஹா. என் பேத்தி ஜெசி. அவளுடைய தாய், என் மகள் றெஜினா (பத்து நிமிஷம் மட்டும், பிறகு முதியோர் இல்லத்துக்கு வேலைக்குப் போய்விட்டாள்). போன வருஷ அணியில் ஆறு பேர். புதுப் பிள்ளைகள் ஒன்பது பேர். அதில் இரண்டு பேருக்குப் பந்தை எந்தக் காலால் அடிப்பதென்றே தெரியாது. ஒரு வெள்ளைக்காரத் தகப்பன், நாயோடு. நான், மடக்குக் கதிரையில், வழக்கமான இடத்தில், கோல் கம்பத்துக்கு இடது பக்கம்.

வராதவர்கள்: மெலே, கோல் கீப்பர். ஹனா, நடுவில் நின்று பந்து பிரித்துக் கொடுப்பவள். பிரீத்தி, பின்வரிசை.

காய்ச்சலாக்கும் என்று நினைத்தேன். மூன்று பேருக்கும் ஒரேயடியாகவா? மிஸ் அரோஹாவிடம் போய்க் கேட்டேன். என் இங்கிலீஷ் அவருக்குப் பழகிவிட்டது.

"போயிட்டாங்க, நானா," என்கிற மாதிரிச் சொன்னார். இங்கே கிழவிகளுக்கு நானா என்று பெயர். மன்னாரில் முஸ்லிம் அண்ணன்மாரை அப்படிக் கூப்பிடுவோம். முதல் வருஷம் சிரிப்பு வந்தது. இன்றைக்கு வரவில்லை.

மூன்று பேரும் பெ.கே. பள்ளிக்கு.

பெ.கே. என்றால் பெரிய கேட். அந்தப் பள்ளியின் பெயரை எழுதக் கை வரவில்லை. வாசலில் இரண்டு ஆள் உயரத்துக்கு இரும்புக் கேட். உள்ளே பிளாஸ்டிக் புல் போட்ட மைதானம் இரண்டு. எங்களைப் போன்றவர்கள் கட்டணம் கட்டிப் படிக்க முடியாத இடம். ஆனால் பந்தடிக்கத் தெரிந்த பிள்ளை என்றால் இலவசமாகவே கூப்பிடுவார்கள். எங்களைப் போல் ஒரு சின்னப் பள்ளி நான்கு வருஷம் மழையில் நின்று வளர்க்கும். அவர்கள் காய்ந்த தலையோடு வந்து பிடுங்குவார்கள். அங்கே விளையாடினால் அமெரிக்கக் காலேஜ்காரர் வந்து பார்க்கிறார்களாம், கூட்டிக்கொண்டு போகிறார்களாம்.

போன வருஷம் நாங்கள் பி பிரிவில் முதலிடம். இந்த வருஷம், முதல் தடவையாக, ஏ பிரிவு. மே மாதம் தொடக்கம். முதல் ஆட்டமே பெ.கே.யோடு. இனி கோலில் ஆர் நிற்பது?

ஜெ. பூட்ஸைக் கழற்றாமலே வீட்டுக்கு வந்தாள். 

அவளை ஏன் எடுக்கவில்லை? எடுத்திருந்தால் நான் விட்டிருக்க மாட்டேன். ஆனாலும் கேட்டிருக்க வேண்டும். போன வருஷம் பதினோரு கோல். மெலேயை எடுக்கத் தெரிந்த கண்ணுக்கு ஜெ. தெரியவில்லையா?

கொப்பியின் கடைசிப் பக்கத்தில் மெலேயின் தாயின் பெயரை எழுதினேன். முழுப் பெயர். மன்னிக்காதவர்களுக்கு மட்டும் அந்தப் பக்கம். இரண்டு வருஷம் என் கையால் ஃபிஷ் ரோல்ஸ் தின்றவள். போகிறோம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.


பெப்ரவரி 8, ஞாயிறு

மப்பு மந்தாரம். தமிழ்ப் பூசை. கால் உளைவு.

பூசை முடிந்து தேத்தண்ணி. பூசைக்கு வரும் ஸ்ரெல்லா கப்போடு பக்கத்தில் வந்து நின்றாள். முகத்தில் கவலை, கண்ணில் இல்லை.

"என்ன மரியநேசம் அக்கா, உங்கட பேத்தியோட விளையாடின மூண்டு பிள்ளையளை அந்தப் பெரிய பள்ளிக்கு எடுத்திட்டினமாம். உங்கட பிள்ளையைக் கேக்கேல்லையோ?"

"எங்கட பிள்ளை என்ன பெரிய ஆட்டக்காரியே? சும்மா ஓடித் திரியுது. அதை ஆர் எடுக்கப் போறாங்கள்?"

"ஐயோ, அப்பிடிச் சொல்லாதேங்கோ அக்கா. நல்லாத்தானே விளையாடுது."

"நல்லா எங்க? சோம்பேறி."

ஜெ. பின்னால் நின்றது எனக்குத் தெரியாது. பிஸ்கற் எடுக்க வந்தவள் எடுக்காமல் போனாள். அவளுக்குத் தமிழ் சரியாகக் கதைக்க வராது, விளங்கும்.

நான் வேறென்ன சொல்ல? ஸ்ரெல்லாவின் கண் எப்படிப்பட்ட கண்ணென்று எனக்குத் தெரியும். போன வருஷம் என் கறிவேப்பிலைச் செடியைப் பார்த்து "எவ்வளவு செழிப்பு" என்றாள். அந்தக் கிழமையே இலை கொட்டியது.

எழுதி வைக்கிறேன், மறந்ததால் இல்லை. என் மூத்தவன் ஜெறாட். பதினாறு வயதில் மன்னாரில் அவனைப் போல் இடது காலால் அடிக்க ஒருவனும் இல்லை. கோயில் திருவிழா ஆட்டத்தில் மூன்று கோல். நான் வேலியோரம் நின்று, வாய் நிறைய, "என்ர பிள்ளை, பார்த்தியளே என்ர பிள்ளையின்ர காலை" என்று ஊருக்கே சொன்னேன். ஐந்தாம் நாள் சைக்கிளோடு லொறியில் அடிபட்டான். அந்தக் கால்தான். இன்றைக்கும் கனடாவில் நொண்டித்தான் நடக்கிறான்.

அன்றோடு சரி. என் பிள்ளை, பேரப்பிள்ளை எவரையும் வெளி ஆள் முன்னால் நல்லதென்று என் வாய் சொன்னதில்லை. வீட்டுக்குள்ளும் இல்லை. சுவருக்கும் காது இருக்கும். நல்லதெல்லாம் இந்தக் கொப்பிக்குள் மட்டும்.

சான்ட்ரிங்ஹாம் கடையில் முருங்கைக்காய் வாடல். வாங்கவில்லை.


பெப்ரவரி 12, வியாழன்

மழை தூறல். றெஜினாவுக்கு லீவு நாள்.

செய்ய நினைத்தது: யன்னல் துடைப்பு, மிளகாய்த்தூள் வறுப்பு, கால் டொக்டருக்கு போன்.
செய்தது: ஒன்றும் இல்லை.

காலையில் றெ. பெ.கே. பள்ளிக்குத் தானே போன் எடுத்தாள். என்னிடம் கேட்கவில்லை. ஜெ. மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம், அமெரிக்கா அமெரிக்கா என்று இரண்டு வருஷமாக ஆசைப்பட்ட பிள்ளையாம், ஏன் எடுக்கவில்லை என்றாவது தெரிய வேண்டுமாம். அரை மணித்தியாலம் பாட்டுப் போட்டுக் காக்க வைத்தார்கள். பிறகு ஒரு பெண் வந்து மரியாதையாகச் சொன்னாளாம்.

றெ. போனை மேசையில் வைத்தாள். 

"அம்மா, அவையளிட்ட ஒரு ரிப்போர்ட் இருக்காம். பயிற்சிக்கு ஒழுங்காப் போறேல்லையாம். மழை எண்டால் எழும்பாளாம். இடது முழங்கால் பலமில்லையாம்."

"ஆர் சொன்னது?"

"அவளோட நல்லாப் பழகின ஆள் ஒண்டு எண்டினம். பேர் சொல்ல மாட்டினமாம்."

"பச்சைப் பொய்!"

"பொய் எண்டு எனக்கும் தெரியும். ஆர் இப்பிடிச் செய்திருப்பினம்? ஒரு பிள்ளையின்ர வாழ்க்கை அம்மா இது."

மழை எண்டால் எழும்பாளாம். போன ஜூனில் நூற்று இரண்டு காய்ச்சலோடு, ஆலங்கட்டி விழ விழ, முடியும் வரைக்கும் ஓடினவள். என்னிடம் எழுத்தில் இருக்கிறது.

நல்லாய்ப் பழகின ஆள். யோசித்தேன். தேத்தண்ணி ஆறும் வரைக்கும் யோசித்தேன். மிஸ் அரோஹா. வேறு ஆர்? மூன்று பேர் போனார்கள். நாலாவதும் போனால் அணியே இல்லை. ஜெ.யைத் தன்னோடு வைத்திருக்க இப்படி ஒரு வேலை. சிரித்துச் சிரித்து நானா நானா என்றவர்.

கடைசிப் பக்கத்தில் எழுதினேன். முழுப் பெயர் தெரியாது. ஜெ.யின் பள்ளிக் கடிதத்தைப் பார்த்து, இங்கிலீஷ் எழுத்தை அப்படியே வரைந்தேன்.

றெ.யிடம் இதைச் சொல்லவில்லை. சண்டைக்குப் போவாள். நான் என் பாட்டில் செய்கிறேன்.


பெப்ரவரி 14, சனி

வெக்கை.

பயிற்சிக்குப் போனேன். ரோல்ஸ் கொண்டு போகவில்லை. மிஸ் அரோஹா தூரத்திலிருந்து கை காட்டினார். பார்க்காத மாதிரி இருந்தேன். கிட்ட வந்து ஏதோ கேட்டார். "நோ இங்கிலீஷ்" என்றேன். அவர் முகம் ஒரு மாதிரிப் போனது. போகட்டும்.

புதுக் கோல் கீப்பர் ஒரு சீனப் பிள்ளை. பந்து வந்தால் கண்ணை மூடுகிறாள்.

ஜெ. இரண்டு பந்து உள்ளே போட்டாள். இரண்டாவது இடது காலால், பெட்டிக்கு வெளியே நின்று, நிலத்தோடு நிலமாக. அழகு. இங்கே மட்டும் எழுதுகிறேன்.


பெப்ரவரி 18, புதன்

விபூதிப் புதன். தவசு காலம் தொடக்கம். நெற்றியில் சாம்பலோடு பஸ். டிரைவர் உற்றுப் பார்த்தான்.

நாற்பது நாளைக்கு விடுவது: இறைச்சி. தேத்தண்ணிக்குச் சீனி. யூடியூப்பில் பழைய ஆட்டங்கள்.
கோபத்தையும் விடச் சொன்னார் பங்குச் சுவாமி. சீனியோடு நிறுத்திக்கொண்டேன்.


மார்ச் 7, சனி

காலையில் குளிர் காற்று, பிறகு வெயில்.  இன்றைக்கு நடந்ததை ஒன்றும் விடாமல் எழுத வேண்டும்.

சீசனுக்கு முன்னான பயிற்சி ஆட்டம். பெ.கே.யோடு, அவர்களுடைய மைதானத்தில். அந்தக் கேட்டுக்குள்ளே முதல் தடவை போனேன். அவர்களின் கோலில் மெலே, புதுக் கையுறை. என்னைக் கண்டதும் ஓடி வந்து கட்டிப்பிடித்தாள். சின்னப் பிள்ளை, அதோடு எனக்கென்ன? கட்டிப்பிடித்தேன். அவளுடைய தாயின் பக்கம் திரும்பவில்லை.

தோல்வி, 4-1. எதிர்பார்த்ததுதான். ஆனால் அந்த ஒன்று! இரண்டாம் பாதி, இடது ஓரத்தில் ஜெ.க்குப் பந்து. பிரீத்தியைத் தாண்டினாள். ஹனாவைத் தாண்டினாள். மெலே முன்னால் வந்தாள். ஜெ. இடது காலால் அவளுக்கு மேலாகத் தூக்கி அடித்தாள். பந்து பறந்து, இறங்கி, வலை. பெ.கே. தகப்பன்மாரே கை தட்டினார்கள். நான் தட்டவில்லை. கையைத் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேல் இருந்தேன்.

முடிந்ததும் ஒருவன் என் கதிரையை நோக்கி வந்தான். பெ.கே. ஜாக்கெற், கழுத்தில் விசில். சிரித்த முகம்.

"பாட்டி! என்னை ஞாபகம் இருக்கா? சுந்தர். போன ஆகஸ்ட், மழை, குடை?"

எனக்கா ஞாபகம் இல்லை? போன ஆகஸ்ட் எங்கள் மைதானத்தில் சரியான மழை. என் குடை காற்றில் மடங்கிப் போயிற்று. இந்தத் தம்பி வந்து தன் பெரிய குடையை எனக்கும் சேர்த்துப் பிடித்தான். தமிழ்நாட்டுத் தமிழ். எல்லர்ஸ்லியில் கம்ப்யூட்டர் வேலை என்றான். ஆட்டம் சும்மா பார்க்க வந்தேன் என்றான். அன்றைக்கு ஜாக்கெற் இல்லை, விசில் இல்லை.

"நீ இவையளின்ர ஆளோ?" என்றேன்.

"அசிஸ்டென்ட் கோச், பாட்டி. புதுசா யாரை எடுக்கலாம்னு பார்த்துச் சொல்றதும் நான்தான். அது இருக்கட்டும். என்ன பாட்டி, என்னை இப்படி ஏமாத்திட்டீங்க? இடது கால் சரியில்லேன்னீங்க. இன்னைக்கு அந்தக் கோல் எந்தக் கால்ல போட்டா?"

எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. பிறகு விளங்கியது. 

அன்றைக்கு அந்தக் குடைக்குள் நான் சொன்னது, ஒரு சொல் குறையாமல், இது:

மெலே: "அந்தச் சமோவாப் பிள்ளையைப் பார். பெனல்ரிக்கு வலப்பக்கம்தான் முதல் பாயும். ஒரு வருஷத்தில மூண்டு பிடிச்சது."
ஹனா: "பாக்காமலே பந்து குடுக்கும். அதுக்கு முதுகிலயும் கண்."
பிரீத்தி: "களைக்காது. குதிரை."
பிறகு அவன் கேட்டான்: "அந்த ஏழாம் நம்பர் யாரு பாட்டி? நல்லா ஆடுறாளே."
நான்: "அதுவா? அது என்ர பேத்தி. ஒண்டுக்கும் உதவாது. சரியான சோம்பேறி, பயிற்சிக்கும் ஒழுங்காப் போகாது. மழை எண்டால் எழும்பாது. இடது முழங்காலும் பலமில்லை. எப்பிடியோ சேர்த்து வச்சிருக்கினம்."

அவன் போனில் ஏதோ தட்டிக்கொண்டே இருந்தான். மனைவிக்கு மெசேஜ் என்று நினைத்தேன்.

நல்லாய் ஆடுகிறாள் என்று அந்நியன் ஒருவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டான். நான் என்ன செய்ய? கண்ணூறு படும் என்று பதறியடித்து மூடினேன். இல்லாத முழங்கால் நோவை நானே படைத்தேன்.

இன்றைக்கு அவனிடம் சொன்னேன். வாழ்க்கையில் முதல் தடவை, வெளி ஆளிடம், உரத்து:

"தம்பி, நான் சொன்னது பொய். அவள் தங்கம். அவளைப் போல ஒருத்தி உங்கட அணியில இல்லை. பயிற்சிக்கு ஒரு நாள் தவறினதில்லை. காய்ச்சலோட விளையாடினவள். நான் கண்ணூறுக்குப் பயந்து அப்பிடிச் சொன்னனான். நீயும் தமிழன்தானே, உனக்கு விளங்கேல்லையே?"

"கண்ணூறா? அப்படின்னா?"

பிறர் கண் படுவது, புகழ்ந்தால் பிள்ளைக்குக் கேடு வருவது என்று சொல்லிக் கொடுத்தேன். அவன் ஐந்து வயதில் இங்கே வந்தவனாம். தமிழ் அம்மாவோடு பேசுவதற்கு மட்டும்தானாம்.

"ஐயோ பாட்டி." சிரிப்பு போய்விட்டது அவனுக்கு. "எனக்கு இதெல்லாம் தெரியாதே. எல்லாப் பாட்டியும் தாத்தாவும் அவங்க பிள்ளைதான் பெஸ்ட்னு சொல்லுவாங்க. நான் காதுலயே வாங்க மாட்டேன். நீங்க ஒருத்தர்தான் சொந்தப் பேத்தியை வேண்டாம்னு சொன்னீங்க. அதனாலதான் நம்பினேன்."

"இப்ப எடுக்கேலாதோ?"

"பன்னிரண்டாம் வகுப்பு தொடங்கிட்டா புதுசா எடுக்க மாட்டாங்க பாட்டி. அதுக்கு மேல ஸ்கூல் மாறினா ஃபர்ஸ்ட் லெவன்ல ஆடவும் விட மாட்டாங்க. லிஸ்ட் குளோஸ்."

"நான் முழங்கால்ல நிண்டு கேட்டாலுமோ?"

"பாட்டி, ப்ளீஸ். அப்படியெல்லாம் பண்ணாதீங்க. எல்லாரும் பார்க்கிறாங்க."

நான் கதிரையில்தான் இருந்தேன். எழும்பவே முடியவில்லை.

மிஸ் அரோஹாதான் வந்து கையைப் பிடித்துத் தூக்கினார். மடக்குக் கதிரையை அவரே தன் கார் வரைக்கும் கொண்டு வந்தார். மூன்று கிழமையாக நான் முகம் கொடுக்காத ஆள்.


மார்ச் 8, ஞாயிறு

மழை. பூசைக்குப் போகவில்லை. கால் என்றேன்.

பின்னேரம் ஜெ.யிடம் சொன்னேன். சமையலறையில் ரோஸ்ரரில் பாண் ரோஸ்ற் போட்டுக்கொண்டு நின்றாள். தாயும் நின்றாள். ஆகஸ்ட், குடை, சொன்ன சொல் எல்லாம்.

றெ. கதிரையில் இருந்துவிட்டாள். "நீங்களோ? அம்மா, நீங்களோ?" 

ஜெ. கத்துவாள் என்று பார்த்தேன். கத்தவில்லை. ரோஸ்ரர் துள்ளியது, எடுக்கவில்லை. இங்கிலீஷில் மெதுவாகக் கேட்டாள், எனக்கு விளங்க வேண்டுமென்று ஒவ்வொரு சொல்லாக. நான் அப்படியா உங்களுக்கு? அந்த ஆளுக்குச் சொன்னது போகட்டும், எனக்கே நீங்கள் ஒரு நாளும் நன்றாய் விளையாடினாய் என்று சொன்னதில்லையே. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வந்தீர்கள். ஒவ்வொரு ஆட்டமும் முடிய நான் உங்கள் கதிரையைத்தான் முதலில் பார்ப்பேன். நீங்கள் கை தட்டினதே இல்லை.

பிறகு தமிழில், உடைந்த தமிழில்: "நான் நினைச்சேன் நான் நல்லா இல்லை எண்டு, அம்மம்மா."

இந்தக் கொப்பியையும் பழைய கொப்பி இரண்டையும் எடுத்து வந்து மேசையில் போட்டேன். பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். பார்த்தாள். அவளுக்குத் தமிழ் எழுத்து ஒன்றும் தெரியாது. கோல் எண்ணிக்கை மட்டும் தெரிந்திருக்கும்.

வாசித்தேன். கண்ணாடி மங்கியது, துடைத்துத் துடைத்து வாசித்தேன். எட்டாம் வகுப்பில் முதல் கோல், வலது தொடையில் பட்டுப் போனது. அன்றைக்குப் போட்டிருந்த சிவப்பு லேஸ். காய்ச்சல் ஆட்டம். "ஜெறாட்டின் கால் இவளுக்கு வந்திருக்கிறது, ஆண்டவரே காப்பாற்றும்" என்று எழுதியிருந்த இடம்.

அந்த இடத்தில் கையை நீட்டிக் கொப்பியை மூடினாள்.

"இதை நீங்க அந்தக் கோச்சுக்கு வாசிச்சு இருக்கலாம், அம்மம்மா."

அறைக்குள் போனாள். ரோஸ்ற் ஆறிக் கிடந்தது. நானே தின்றேன்.


மார்ச் 14, சனி

நல்ல வெயில்.

ஜெ. பயிற்சிக்குத் தனியாகப் பஸ்ஸில் போனாள். வா என்று கேட்கவில்லை. நான் அடுத்த பஸ்ஸில் போனேன். ரோல்ஸ் நாற்பது. முதலாவதை மிஸ் அரோஹாவின் கையில் கொடுத்தேன். "சொறி" என்றேன். எதற்கென்று அவருக்குத் தெரியாது. தின்றார். ஜெ. இந்த வருஷம் கேப்டன் என்றார்.

சீனப் பிள்ளை இன்றைக்குக் கண் மூடவில்லை.

ஜெ. ஒரு கோல் போட்டாள். தலையால். நான் கை தட்டினேன். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் மட்டும் பார்க்கவில்லை.


மார்ச் 22, ஞாயிறு

காற்று. இங்கே மார்ச்சில் இலையுதிர் காலம், இலை விழத் தொடங்கிவிட்டது.

பூசைக்கு முன் பாவசங்கீர்த்தனம்.

"மன்னிக்காத ஆக்கள் ஆரும் இருக்கினமோ மரியநேசம் அம்மா?"

"பேர் வாசிக்கட்டோ சுவாமி? கொப்பி கொண்டு வந்தனான்."

திரைக்குப் பின்னால் சிரித்தார் போல. பிறகு சொன்னார், ஒவ்வொருவராக விட்டுப் பாருங்கள், எவர் மிஞ்சுகிறார் என்று பாருங்கள்.

வீட்டுக்கு வந்து கடைசிப் பக்கம் எடுத்தேன். ஜெ.க்கு மேசையில் பள்ளி வேலை. என்ன செய்கிறேன் என்று எட்டிப் பார்த்தாள்.

வெட்டியவை: என் கலியாணத்தில் இறைச்சி காணாது என்று சொன்ன பெரிய மச்சாள் (செத்து எத்தனையோ வருஷம்). ஜெறாட்டை அடித்த லொறிக்காரன். இது வெட்டக் கஷ்டமாக இருந்தது, ஆனாலும். மெலேயின் தாய், தன் பிள்ளைக்கு வந்த வாசலால் பிள்ளையை அனுப்பினாள், நானாயிருந்தாலும் அனுப்பியிருப்பேன். மிஸ் அரோஹா, இது இரண்டு தரம் வெட்டினேன். ஸ்ரெல்லாவின் பெயர் இருந்தது, அதையும். சுந்தரின் பெயரை நான் எழுதவே இல்லை. கேட்டான், சொன்னதை நம்பினான்.

"அம்மம்மா, ஓகே," என்றாள் ஜெ. திடீரென்று, புத்தகத்திலிருந்து தலை நிமிர்த்தாமல். "இட்ஸ் ஓகே." அவள் விட்டுவிடுவாள். நல்ல மனசு. வாய்விட்டும் சொன்னேன் அதை, அவளுக்கே. "உனக்கு நல்ல மனசு" என்று. பென்சிலை உருட்டினாள்.

மே மாதம் ஆறு கிழமையில். பெ.கே.யோடு முதல் ஆட்டம். அமெரிக்காக்காரர் வருவார்களாம். மெலேயைப் பார்ப்பார்கள், ஹனாவைப் பார்ப்பார்கள்.

பக்கம் வெறுமை. பேனை எடுத்தேன். ஒரு பெயர், முழுதாக, ஞானஸ்நானப் புத்தகத்தில் உள்ளபடி:

ஆசைப்பிள்ளை மரியநேசம்.